சோடா கம்பெனிப் பூங்கா

மரக்காணத்தில் அந்த இடத்தைச் சோடா கம்பெனி என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் கோலி சோடா என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கி வழி கேட்டபோது, சைக்கிள் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது மூடி ஆறேழு வருஷம் ஆச்சும்மா. அங்க யாரும் போறதில்லியே" என்றார்.

"இப்போ அங்க பார்க் வரப்போவுதுங்க. நான் அந்த வேலைக்குத்தான் வந்திருக்கேன்."

அவர் கையிலிருந்த காற்றடிக்கும் பம்பைக் கீழே வைத்தார். "பார்க்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு கையை நீட்டி வழி காட்டினார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. ஐப்பசி மாதம். எனக்கு இருபத்துமூன்று வயது. தாவரவியல் படித்து முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிவிட்டு, வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக இந்த வேலை வந்தது. பூங்கா மேற்பார்வையாளர் என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். அதை நான் மூன்று தடவை படித்தேன்.

கம்பெனி உண்மையில் காஸ்டிக் சோடா செய்த கம்பெனி. பக்கத்து உப்பளங்களிலிருந்து உப்பை வாங்கி, தண்ணீரில் கரைத்து, அதற்குள் கரண்ட் விட்டுப் பிரித்தெடுப்பார்கள். சோப்புக்கும் காகிதத்துக்கும் போகும். முதலாளி குடும்பம் சென்னையில். ஒரு தீபாவளிக்கு லீவு விட்டவர்கள் திரும்பத் திறக்கவே இல்லை என்றார்கள். மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். ஆறேழு வருஷம் கழித்து, இறந்துபோன பெரிய முதலாளியின் ஞாபகார்த்தமாக, அந்த எட்டு ஏக்கரையும் பூங்காவாக்கி ஊருக்குத் தானமாகக் கொடுக்கப்போவதாகக் குடும்பம் அறிவித்தது. நல்ல காரியம் என்று நான் நினைத்தேன். எங்கள் அப்பாவும் அப்படித்தான் சொன்னார்.

முதல் நாள் நான் பார்த்தது இதுதான். மேற்கே ரோடு. கிழக்கே கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் மழைத் தண்ணீரில் முங்கிக்கிடந்த உப்புப் பாத்திகள், அதற்கும் அப்பால் மணல்மேடு, கடல் சத்தம். இந்தப் பக்கம் வெறும் தரை. மழை பெய்து ஊரெல்லாம் பச்சை பிடித்திருந்த சமயம். ரோட்டோரத்தில் கோரையும் துத்தியும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. கம்பெனி வேலியைத் தாண்டிய உடனே புல் குறைந்துகொண்டே போய், கால்வாய்ப் பக்கம் ஒன்றுமே இல்லாமல் சாம்பல் நிறத்தில் தரை கிடந்தது. அந்தக் கரையில் கொக்குகள் வரிசையாக நின்றன. இந்தக் கரையில் ஒன்றுகூட இல்லை. அதை முதல் நாளே கவனித்தேன் என்று சொன்னால் பொய். பல நாள் கழித்துத்தான் தோன்றியது.

கேட்டருகே ஓட்டுக் கொட்டகையில் வாட்ச்மேன் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கம்பெனி ஓடிய காலத்தில் உள்ளே வேலை பார்த்தவர். மூடிய பிறகு காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ கொடுத்தார். டம்ளரை நீட்டும்போது அவர் கை நடுங்கியதில் பாதி டீ தரையில் கொட்டிவிட்டது. குளிர் என்று நினைத்தேன். பிறகு பார்த்தேன், கை சும்மா இருக்கும்போது அவ்வளவு நடுங்காது. எதையாவது எடுக்கப்போனால்தான் நடுக்கம் வரும். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்ள அவருக்கு ரொம்ப நேரம் பிடிக்கும். அதனால் பெரும்பாலும் பித்தான் போடமாட்டார்.

வளாகத்துக்குள் ஒரு கைப்பம்பு இருந்தது. அதன் பிடியைச் சங்கிலி போட்டுக் கட்டிப் பூட்டியிருந்தார்கள். வாட்ச்மேன் குடிக்கும் தண்ணீரை ரோட்டைத் தாண்டிப் போய், தெருக் குழாயிலிருந்து குடத்தில் பிடித்து வருவார். நடுங்கும் கையோடு குடம் தூக்கி வருவதைப் பார்த்துவிட்டு, "பம்பு இங்கியே இருக்குதே, ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அந்தத் தண்ணி வேணாம்மா" என்றார்.

"உப்புத் தண்ணியா?"

"வேணாம்மா" என்றார் மறுபடியும். குடத்தை இறக்கி வைத்து மூடினார்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அதனால் பூங்கா வேலைக்கு உப்பளத்துப் பெண்கள் ஏழு பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஓர் அக்கா இருந்தாள். முப்பது வயதிருக்கும். எக்கியார்குப்பம் பக்கம் வீடு. புருஷன் கடலுக்குப் போகிறவன். காற்று சரியில்லாத நாளில் கால்வாயில் இறால் பிடிப்பான்; அவர்கள் எறா என்பார்கள். இரண்டு பெண் குழந்தைகள். எல்லோரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். நான் டீச்சர் இல்லை என்று முதல் வாரம் சொல்லிப் பார்த்தேன். "படிச்சவங்கதானே, வேற எப்படிக் கூப்புடுறது?" என்று அக்கா கேட்டதும் விட்டுவிட்டேன்.

ஏரி வண்டல் டிராக்டர் டிராக்டராக வந்தது. வெறும் தரைமேல் முழங்கால் உயரத்துக்குக் கொட்டிப் பரப்பினோம். கால்வாயோரத் தென்கிழக்கு மூலை பள்ளமாக இருந்தது. அதை மேடாக்கச் சொல்லி மானேஜர் உத்தரவு. மேடு போட்டு, மேலே புல் வைத்தால், ஜனங்கள் உட்கார்ந்து கால்வாயைப் பார்க்கலாம் என்றார். மானேஜர் வாரத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து காரில் வருவார். வெள்ளை அரைக்கை சட்டை, மெதுவான பேச்சு. என்னையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். பெண்களுக்கெல்லாம் ஒருமுறை பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை இருந்தது.

கார்த்திகையில் கன்றுகள் வைத்தோம். பூவரசு, வேம்பு, புங்கன், நாட்டு வாதாம், ஓரத்தில் சவுக்கு. ரோட்டுப் பக்கம் வைத்தவை இரண்டே வாரத்தில் துளிர்விட்டன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்குக் கடிதம் எழுதினேன்.

கால்வாய்ப் பக்கம் வைத்தவை முதலில் நன்றாகத்தான் இருந்தன. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தபோது, மேட்டுக்குப் பக்கத்து வரிசையில் இலை ஓரமெல்லாம் கறுத்திருந்தது. தினமும் மழை. தண்ணீர் இல்லாமல் காய்ந்தது என்று சொல்ல முடியாது. ஒரு பூவரசைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் வண்டலுக்குள் இருந்தவரைக்கும் வெள்ளையாக இருந்தது. வண்டலைத் தாண்டிக் கீழே இறங்கிய நுனி, நெருப்பில் காட்டியது மாதிரி கருகியிருந்தது.

செத்த கன்றுகளை எடுத்துவிட்டு, குழியை ஆழமாக்கிப் புதுக் கன்று வைக்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவை எடுத்தது நான்தான். அக்காவும் இன்னொரு பெண்ணும் தோண்டினார்கள். வண்டலுக்குக் கீழே சாம்பல் நிறக் களி வந்தது. மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விடவில்லை. அக்கா குனிந்து கையாலேயே வழித்தெடுத்தாள். பிறகு, "டீச்சர், இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள்.

குழிக்குள் சின்னச் சின்ன வெள்ளி மணிகள். கொத்துமல்லி விதை அளவில் சில, கடுகு அளவில் நிறைய. அவள் விரலால் தொட்டதும் இரண்டு மூன்று ஓடிப்போய் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சிரித்தார்கள். ஒருத்தி தன் டிபன் டப்பா மூடியில் கொஞ்சம் பிடித்து ஆட்டிக் காட்டினாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்கூல் லேபில் ஒருமுறை தர்மாமீட்டர் உடைந்தபோது பார்த்ததுதான். பாதரசம் என்று தெரிந்தது. அது இவ்வளவு இங்கே ஏன் இருக்கிறது என்று யோசித்தேனே தவிர, உடனே தூரப் போகச் சொல்லத் தோன்றவில்லை. சொல்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் பல வருஷம் நினைத்திருக்கிறேன்.

"கை கழுவுங்க எல்லாரும். அதைத் தொடக்கூடாது" என்றேன் கடைசியில். டப்பா மூடியைக் குழியிலேயே கொட்டச் சொன்னேன். மண் போட்டு மூடினோம்.

மறுநாள் ஏழு பேரில் யாருமே வரவில்லை. பத்து மணி வரைக்கும் பார்த்துவிட்டு நானே குப்பத்துக்கு நடந்து போனேன். அக்கா வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அக்கா உள்ளேயிருந்து வந்து, கழுத்துக் கயிற்றை எடுத்துக் காட்டினாள். அவள் தாலிப் பொட்டு வெள்ளையாக இருந்தது. நேற்று வரைக்கும் மஞ்சளாக இருந்த தங்கம், ஈயம் மாதிரி மங்கிப்போய்க் கிடந்தது.

"நேத்து வேலை முடிஞ்சு வந்து, எண்ணெய் தடவும்போது பார்த்தேன்" என்றாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அவரு கடலுக்குப் போயிருக்காரு. காத்தாலயே போனாரு. இன்னும் வரல."

நின்றிருந்த பெண்களில் ஒருத்தி மெதுவாக, "அந்த எடத்துல தோண்டியிருக்கக் கூடாது" என்றாள்.

நான் சகுனம் எதுவும் இல்லை என்று விளக்கினேன். பாதரசம் தங்கத்தைத் தொட்டால் இப்படித்தான் வெளுக்கும், கையில் ஒட்டியிருந்தது பட்டிருக்கும், உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"தங்கத்தையே இப்படிப் பண்ணுது. உடம்பை என்னா பண்ணும்?" என்று கேட்டாள்.

புஸ்தகத்தில் விஷம் என்று ஒரு வார்த்தை படித்திருந்தேன். அதற்கு மேல் தெரியாது. "தொடாம இருந்தா போதும்" என்றேன்.

புருஷன் அன்று மத்தியானம் திரும்பி வந்துவிட்டான். அக்கா தாலிப் பொட்டை ஒரு பத்தரிடம் கொடுத்திருக்கிறாள். அவர் நெருப்பில் காட்டி ஊதியதும் வெள்ளை போய்விட்டது. இவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். "நல்லா ஆயிடுச்சு டீச்சர்" என்று காட்டினாள். வெள்ளை எங்கே போயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். போனது புகையாக, அவர்கள் இரண்டு பேருடைய மூக்குக்குள். அந்தப் பத்தர் ஒரு வாரம் இருமிக்கொண்டு கடையைத் திறக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை.

வாட்ச்மேனிடம் போனேன். கொட்டகை வாசலில் வெயில் படும்படி உட்கார்ந்திருந்தார். மேட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நேராகக் கேட்டேன். ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார்.

"கம்பெனி ஓடும்போது தொட்டி தொட்டியா பாதரசம் இருக்கும்மா. அதுமேலதான் உப்புத் தண்ணி ஓடும். தினமும் கொஞ்சம் களியோட போயிடும். அந்தக் களியை வழிச்சு வழிச்சு அந்தப் பள்ளத்துலதான் கொட்டுவோம். மூடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அங்கயே தள்ளி மூடச் சொன்னாங்க. எட்டுப் பேரு போட்டோம். நானும்தான்."

"மத்தவங்க எங்க?"

"ரெண்டு பேரு ஊரோட போயிட்டாங்க. மூணு பேரு இல்ல. ஒருத்தன் கூனிமேட்டுல இருக்கான், யாருகிட்டயும் பேச மாட்டான். கோவம் வரும், அழுவான்." தன் கைகளை மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். "எனக்குப் பரவால்ல. கைதான்."

"இன்னொருத்தர்?"

"அவனைப் பத்தித் தெரியல."

"மானேஜருக்கு இதெல்லாம் தெரியுமா?"

"அவருதான்ம்மா நின்னு மூட வச்சாரு."

அடுத்த முறை கார் வந்தபோது நான் மானேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கறுத்த வேர், மணிகள், தாலி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தலையை ஆட்டினார்.

"நீங்க கவலைப்படுறது எனக்குப் புரியுது" என்றார். "அது பழைய விஷயம். மண்ணு போட்டு மூடிட்டா ஒண்ணும் ஆகாது. இன்னும் ரெண்டடி வண்டல் போட்டுடுங்க. மரம் வேணாம், புல்லு மட்டும் வைங்க. வேர் ஆழமா போவாது பாருங்க." பிறகு பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். "தானப் பத்திரத்தோட ஒரு சர்ட்டிபிகேட் வைக்கணும். தாவரவியல் படிச்சவங்க பார்த்து, நிலம் ஜனங்க உபயோகத்துக்கு ஏத்ததுன்னு எழுதிக் கொடுக்கணும். நீங்க எழுதிடுங்க. அப்புறம் ஒண்ணு. அந்தப் பொம்பளைங்க ஏழு பேருக்கும் பூங்காவுல பர்மனென்டா வேலை போட்டுக் கொடுக்கலாம்னு இருக்கோம். பூங்கா வந்தாத்தானே வேலை."

அவர் மிரட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. கார் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. தானம் கொடுத்துவிட்டால் நிலம் ஊருடையது. அதற்குக் கீழே இருப்பதும் ஊருடையது. அதற்குப் பிறகு யார் சென்னைக்குப் போய்க் கேட்டாலும், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடலாம். பூங்கா என்று அவர்கள் சொன்னது அந்த மேட்டுக்கு ஒரு மூடி.

அக்காவிடம் இதைப் பேசினேன். அவள் புல் கரணைகளைப் பதித்துக்கொண்டே கேட்டாள். "பர்மனென்ட் வேலையா?" என்றாள்.

"அப்படித்தான் சொன்னாரு."

"வெயில்ல அளத்துல நின்னு பாருங்க டீச்சர். காலெல்லாம் வெடிச்சு, அந்த வெடிப்புல உப்பு ஏறும். இங்க நெழல் இருக்கும்." இன்னொரு கரணையைப் பதித்துவிட்டு, "அந்த மூலைக்கு மட்டும் யாரையும் வுடாம பார்த்துக்கலாம் இல்ல?" என்றாள்.

எனக்கு அது ஒரு வழியாகத் தெரிந்தது. கம்பெனி கொடுத்திருந்த டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்து சர்ட்டிபிகேட் அடித்தேன். நிலம் பொது உபயோகத்துக்கு ஏற்றது. ஆனால் கால்வாயோரத் தென்கிழக்கு மூலையில் பழைய கழிவு புதைந்திருப்பதால் அதை வேலியிட்டு யாரையும் அனுமதிக்கக் கூடாது, வளாகத்துக் கைப்பம்புத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் இரண்டே வரியும் என் கையெழுத்தும். அசலை மானேஜருக்கு அனுப்பிவிட்டு, கார்பன் காப்பியை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அதற்குப் பெரிய யோசனை எதுவும் இல்லை. காப்பி வைத்துக்கொள்வது டைப் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்த பழக்கம். எழுத வேண்டியதை எழுதிவிட்டேன் என்று அன்று நன்றாகத் தூங்கினேன்.

மேட்டைச் சுற்றி நாங்களே கருவேல முள் வெட்டி வேலி போட்டோம்.

திறப்பு விழாவைக் காணும் பொங்கலன்று வைத்தார்கள். அன்றைக்கு ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக எங்காவது தண்ணீர்க் கரைக்குப் போவார்கள். நான் காலை எட்டு மணிக்குப் போனபோதே கூட்டம் வந்துவிட்டது. மேடை, மைக் செட், காகிதத் தோரணம். மேட்டைப் பார்த்தேன். முள்வேலி இல்லை. புல் பச்சையாக, சரிவாக, வெயிலில் அழகாக இருந்தது. பதினைந்து இருபது குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன. குழந்தைகள் உச்சியிலிருந்து உருண்டு கீழே வந்து, மறுபடி ஏறினார்கள். அடிவாரத்தில் இரண்டு பிள்ளைகள் குச்சியால் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கைப்பம்புக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சங்கிலி இல்லை. பிடியும் இல்லை. பெண்கள் குடத்தோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பக்கத்தில் வாட்ச்மேன் ஒரு கோணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பம்பின் பிடி அதற்குள் இருந்தது.

"காத்தாலயே கழட்டிட்டேன்" என்றார். "மானேஜரு சங்கிலியை எடுக்கச் சொன்னாரு. பிடியை எடுக்கக்கூடாதுன்னு சொல்லல."

அந்த நடுங்கும் கையால் ஸ்பானர் பிடித்து எப்படிக் கழற்றினார் என்று தெரியவில்லை. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"மேட்டுல உக்காந்திருக்கவங்களை எப்படி எழுப்புறது?" என்று கேட்டேன்.

நான் மேட்டுக்குப் போய் ஒரு குடும்பத்திடம் சொன்னேன். கீழே கழிவு இருக்கிறது, விஷம், எழுந்து வாருங்கள் என்று. அந்த மனிதர் புல்லைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா இருக்குது" என்றார். அவர் மனைவி எனக்கு ஒரு கரும்புத் துண்டு கொடுத்தாள். யாரும் அசையவில்லை. மைக்கில் பாட்டு போட்டுவிட்டார்கள். பேசுவதே கேட்கவில்லை.

அக்கா எங்கிருந்தோ வந்தாள். புதுப்புடவை கட்டியிருந்தாள். அவளுடைய இரண்டு பெண்களும் கூட. மேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு நேராக மேட்டில் ஏறினாள். பாதி தூரம் ஏறி நின்று, தரையை உற்றுப் பார்த்தபடி, பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தவளிடம் என்னவோ சொன்னாள். அந்தப் பெண் சட்டென்று எழுந்து பிள்ளையைத் தூக்கினாள். அடுத்த பாய். அதற்கடுத்த பாய். ஐந்து நிமிஷத்தில் மேடு காலியாகிவிட்டது.

கீழே வந்ததும் கேட்டேன், "என்ன சொன்னீங்க?"

"குட்டி போட்ட விரியன் பாம்பு இருக்குது, நேத்துதான் பார்த்தோம்னேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நெஜத்தைச் சொன்னா யாரு எழுந்துக்கறாங்க?"

அதற்குள் மேடையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. மானேஜர் தானப் பத்திரத்தையும் சர்ட்டிபிகேட்டையும் வாசித்தார். "தகுதி வாய்ந்த தாவரவியல் பட்டதாரியால் பரிசோதிக்கப்பட்டு, எட்டு ஏக்கர் முழுவதும் பொதுமக்கள் உபயோகத்துக்கு எவ்விதத் தடையுமின்றி ஏற்றது" என்று மைக்கில் கேட்டது. நான் அப்படி எழுதவில்லை. முதல் பக்கத்தை மாற்றியிருந்தார்கள். இரண்டாம் பக்கம் என்னுடையதுதான். என் பெயரை வாசித்தார். கூட்டம் கைதட்டியது.

கால்கள் தானாக நடந்தன என்றுதான் சொல்லவேண்டும். மேடைக்குப் பின்பக்கமாக ஏறி, ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். தலைவர் ரோட்டுக்கு மேற்கே வயல் வைத்திருந்த விவசாயி. வயசானவர், அதிகம் பேசாதவர். கைப்பையிலிருந்து கார்பன் காப்பியை எடுத்து அவர் தோளுக்கு மேலாக நீட்டினேன்.

"ஐயா, நான் எழுதினது இது. அவங்க வாசிச்சது வேற."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காகிதத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். மானேஜர் வாசித்து முடித்துவிட்டுப் பத்திரத்தைத் தட்டில் வைத்து, பழம் வெற்றிலையோடு அவர் முன்னால் நீட்டினார். தலைவர் தலையைத் தூக்கவில்லை. உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். மானேஜர் தட்டை ஏந்தியபடியே நின்றார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது. பிறகு கண்கள் மட்டும் என் பக்கம் வந்தன. அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியாது. அதில் கோபமில்லை. என் முகத்தை நன்றாகக் குறித்துவைத்துக்கொள்வது மாதிரி இருந்தது.

தலைவர் இரண்டாம் பக்கத்தையும் படித்து முடித்தார். மடித்து மேல்துண்டுக்குள் வைத்தார். மைக் அருகே வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"நெலம் வாங்குறதுன்னா நான் வில்லங்கம் பார்க்காம வாங்க மாட்டேங்க. ஓசியா வந்தாலும் அப்படித்தான். இன்னைக்கு வேணாம்."

"ஐயா, ஜனங்கெல்லாம் வந்திருக்காங்க..."

"வந்தவங்க சாப்புட்டுட்டுப் போவட்டும். தட்டை எடுத்துக்கங்க."

அவ்வளவுதான் நடந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. சாயங்காலம் வரைக்கும் ரோட்டுப் பக்கத்துக் கன்றுகளுக்கிடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் எனக்கு வேலை இல்லை என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். வாட்ச்மேனையும் அனுப்பிவிட்டார்கள். கேட்டில் பூட்டு தொங்கியது. ஏழு பெண்களுக்கும் பர்மனென்ட் வேலை என்ற பேச்சு அதோடு போயிற்று. நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று அக்கா வீட்டுக்குப் போனேன். தை பிறந்து உப்பள வேலை தொடங்கியிருந்தது. அவள் வீட்டில் இல்லை; உப்புப் பாத்தியின் தரையை மிதித்து மிதித்து இறுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை.

"பாம்புன்னு சொன்னதோட வுட்டிருக்கலாம்" என்றாள். "அந்த மூலையை நாங்க ஏழு பேரு பார்த்துக்கிட்டிருப்போம். மீதி எடத்துல வேலை இருந்திருக்கும்."

"எத்தனை வருஷம் பார்த்துக்குவீங்க அக்கா?"

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. நான் வரப்போடு திரும்பி நடந்தேன்.

அடுத்த ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கால்வாயில் வெள்ளம் வந்து கரையை அரித்து, மேட்டின் ஒரு பக்கம் சரிந்து தண்ணீருக்குள் போய்விட்டது. சாம்பல் களி வெளியே தெரிந்தது என்றும், கால்வாய் அங்கே திரும்பும் வளைவில் இரண்டு நாள் மீன் மல்லாந்து மிதந்தது என்றும் தலைவர் எனக்குக் கார்டு எழுதியிருந்தார். அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் வந்தார்கள். மண் எடுத்துக்கொண்டு போனார்கள். என்னைக் கடலூருக்கு வரச் சொல்லி விசாரித்தார்கள். இரண்டாம் பக்கத்தைக் காட்டி, கையெழுத்து என்னுடையதா என்று கேட்டார்கள். என்னுடையதுதான் என்றேன். முதல் பக்கம் என்னுடையது இல்லை என்பதையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். கம்பெனிக் குடும்பம் வக்கீல் வைத்தது. வழக்கு எங்கே போய் நின்றது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று நடந்தது. தென்கிழக்கு மூலையையும் பம்பு இருந்த இடத்தையும் சேர்த்துச் செங்கல் சுவர் எழுப்பினார்கள். ரோட்டுப் பக்கத்து நான்கு ஏக்கரை மட்டும், மண்ணைச் சோதித்த பிறகு, பஞ்சாயத்து எடுத்துக்கொண்டது. வாட்ச்மேன் அதைப் பார்க்கவில்லை. அந்த மழைக்காலத்திலேயே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

இரண்டு வருஷம் கழித்து, நான் நிஜமாகவே டீச்சராகிவிட்ட பிறகு, ஒரு வேலையாகப் பாண்டிச்சேரி போகும் வழியில் மரக்காணத்தில் இறங்கினேன். பூவரசுகள் ஆளுயரத்துக்கு மேலே போய், மஞ்சள் பூ பூத்திருந்தன. சிமென்ட் பெஞ்சில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுவர் வரைக்கும் நடந்து போனேன். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மூன்று இடத்தில் செங்கல் பெயர்ந்திருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். கூடை ஒன்றைத் தலையிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டு, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பக்கத்தில் வந்தாள். பெண்கள் இரண்டு பேரும் ஸ்கூல் போகிறார்கள் என்றாள். புருஷனுக்குத் தலைசுற்றல் இருப்பதால் இப்போது கடலுக்குப் போவதில்லை, கால்வாயோடு சரி என்றாள். கூடையில் ஈரச்சாக்கால் மூடி எறா இருந்தது.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் டீச்சர்" என்றாள். "அந்த வளைவுல அவரு வலை போடுறதில்ல. அதுக்கு இந்தண்ட, முகத்துவாரத்துக்கிட்டதான் போடுறாரு. அந்தத் தண்ணியும் இந்தத் தண்ணியும் ஒண்ணுதானே. புள்ளைங்களுக்கு இதை ஆக்கிக் கொடுக்கலாமா?"

நான் கூடையைப் பார்த்தேன். எறா உயிரோடுதான் இருந்தது. சாக்குக்குள் துடிக்கிற சத்தம் கேட்டது. வளைவில் பிடித்தது வேண்டாம் என்று சொல்லத் தெரியும். கடலில் பிடித்தது சாப்பிடலாம் என்றும் சொல்லலாம். நடுவில் இருக்கிற தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாது. அதை யார் சோதித்துப் பார்த்தார்கள், யாரிடம் கேட்பது என்றும் தெரியாது.

"எனக்குத் தெரியலக்கா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பாண்டிச்சேரி பஸ் வந்தது. கூடையைத் தூக்கி அவள் தலையில் வைக்க நான் ஒரு கை பிடித்தேன். அவள் மார்க்கெட் பக்கம் நடந்தாள்.